புறப்படும் முன்பே களைத்துப் போகிறேன்: பயணப் பதற்றத்தைக் குறைக்க என்ன செய்யலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஆண்டுக்கு இரண்டு முறை குடும்பத்துடன் ஐந்தாறு நாட்கள் வெளியூர் சென்று வருவது எங்கள் வழக்கம். நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஏழு. பயணம் எனக்குப் பிடித்தமான ஒன்று என்றுதான் பல ஆண்டுகளாக நினைத்திருந்தேன். ஆனால் கடந்த மூன்று நான்கு பயணங்களை நினைத்துப் பார்த்தால், புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே நெஞ்சில் ஒரு கனம் வந்து உட்கார்ந்துகொள்வதும், முந்தைய நாள் நள்ளிரவு தாண்டியும் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பதும், அந்த நேரத்தில் வீட்டில் யாரிடமாவது கடுஞ்சொல் பேசிவிடுவதும் ஒவ்வொரு முறையும் தவறாமல் நடந்திருக்கின்றன. சென்ற முறை மகள், "நாம ஊருக்குப் போகாம இருந்தா நீ கோபப்பட மாட்டியாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை இங்கே எழுத வைத்திருக்கிறது.

பயணச்சீட்டும் தங்குமிடமும் பல வாரங்களுக்கு முன்பே பதிவாகிவிடும். அதன் பிறகு கடைசி இரண்டு நாட்கள் வரை எதுவும் நடப்பதில்லை. ஆனால் எதையோ செய்யாமல் விட்டிருக்கிறோம் என்று மனம் மட்டும் நச்சரித்துக்கொண்டே இருக்கும். கடைசி நாளில் துணிமணி, மருந்து, சார்ஜர், ஆவணங்கள், வீட்டைப் பூட்டும் முன் செய்ய வேண்டியவை, அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டியவை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். வண்டியில் ஏறிய பிறகும் அடுப்பை அணைத்தேனா என்ற எண்ணம் விடாது. போய்ச் சேர்ந்த முதல் இரவு தூக்கம் வராது. திரும்பி வந்த மறுநாளே அலுவலகம் என்பதால், போகும்போது இருந்ததைவிடக் களைத்துத்தான் போயிருப்பேன். அடுத்த மாதம் மீண்டும் ஒரு பயணம் இருக்கிறது. இம்முறை வழியில் விமானம் மாற வேண்டியும் இருக்கிறது. இது என் சுபாவத்தின் குறையா, ஏற்பாடு செய்யும் விதத்தில் உள்ள குறையா என்று எனக்குத் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் வழி சொன்னால் நன்றியோடு ஏற்றுக்கொள்வேன். எல்லாவற்றையும் மறந்துவிட்டு மகிழ்ச்சியாக இருங்கள் என்ற அறிவுரை எனக்கு ஒருபோதும் உதவியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 1

சகோதரிக்கு வணக்கம். பணியின் பொருட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாதம் இரு முறையாவது பயணம் செய்து, இப்போது ஓய்வில் இருப்பவன் நான். முதல் சில ஆண்டுகள் நீங்கள் எழுதியிருப்பதைப் போலவேதான் எனக்கும் இருந்தது. ஆகவே இதைச் சுபாவக் குறையென்று எண்ண வேண்டாம். உங்கள் பதிவில் ஒரு வரி என்னை நிறுத்தியது. முன்பதிவு முடிந்த பிறகு கடைசி இரண்டு நாட்கள் வரை எதுவும் நடப்பதில்லை, மனம் மட்டும் ஓய்வதில்லை என்கிறீர்கள். பதற்றம் விளைவது அந்த இடைவெளியில்தான். செய்ய வேண்டிய வேலை மலையளவு இருப்பதாலல்ல, எதை எப்போது செய்வதென்று முடிவாகாத வேலைகள் வாரக்கணக்கில் மனத்திலேயே கிடப்பதால்தான் அந்தக் கனம்.

மாசிகாம்ப்போ, பாமைஸ்டர் என்னும் இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது. முடிக்காமல் விட்ட காரியம் வேறு வேலையில் இருக்கும்போதும் குறுக்கே வந்து கவனத்தைக் கெடுக்கிறது. ஆனால் அந்தக் காரியத்தை இன்னும் தொடாத நிலையிலும், அதை எப்போது எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாகத் தீர்மானித்துவிட்டால் குறுக்கீடு அடங்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. ஆகவே முன்பதிவு செய்த அன்றே அரை மணி நேரம் உட்கார்ந்து, மனத்தில் வருவதையெல்லாம் ஒரு தாளில் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கிழமையை எழுதிவிடுங்கள். பிள்ளைகளின் துணியைத் தேர்ந்தெடுப்பது ஞாயிறு மாலை, மருந்துகளை வாங்கி வைப்பது செவ்வாய் என்று நாள் குறித்துவிட்டால், அந்த நாள் வரும்வரை அதை நினைக்க வேண்டிய தேவை இல்லை.

அடுத்தது, நேரத்தைக் கணிப்பதில் நாம் எல்லோரும் செய்யும் தவறு. ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். இதைத் திட்டமிடல் பிழை என்று 1979-இல் சுட்டிக்காட்டியவர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் ஆய்வேட்டைச் சராசரியாக 34 நாட்களில் முடித்துவிடுவோம் என்று சொன்ன மாணவர்களுக்கு உண்மையில் 55 நாட்களுக்கு மேல் பிடித்தது. எத்தனை முறை பட்டாலும் அடுத்த முறை சீக்கிரம் முடிந்துவிடும் என்றே மனம் சொல்லும். அதனால் நான் என் மதிப்பீட்டை நம்புவதை விட்டுவிட்டுப் புறப்படும் நாளையே நகர்த்திவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை கிளம்ப வேண்டுமென்றால், வியாழன் காலையே கிளம்புவதாக வைத்துக்கொண்டு புதன் இரவு பெட்டியை மூடிவிடுவேன். மூடிய பெட்டி வாசலருகே நிற்க, வேலை எதுவும் இல்லாமல் கழியும் அந்த வியாழக்கிழமை எவ்வளவு இதமானது என்பதை அனுபவித்தால்தான் தெரியும். விட்டுப்போனது எதுவும் இருந்தால் அது தானாக நினைவுக்கு வருவதும் அன்றைக்குத்தான். சாவகாசமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். கடைசி நேரம் வரை பயன்பாட்டில் இருக்கும் பல் துலக்கி, கண்ணாடி, கைப்பேசி சார்ஜர், காலை மாத்திரை போன்றவற்றை மட்டும் ஒரு சிறு தாளில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

பட்டியல் வைத்துக்கொள்வது மறதிக்காரர்களின் வேலை என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1935 அக்டோபரில் அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்று, சோதனைக்காக மேலேறிய சில நொடிகளில் விழுந்து நொறுங்கியது. கருவிகளில் கோளாறு எதுவும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்று அசைக்காதபடி வால்பகுதியைப் பூட்டி வைக்கும் பூட்டை விடுவிக்காமலே கிளம்பியிருந்தார்கள். ஓட்டியவர் மிகுந்த அனுபவசாலி. அதற்குப் பிறகுதான் விமானிகள் புறப்படும் முன் சரிபார்க்கும் பட்டியலை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அத்தகையவர்களே நினைவை நம்பாதபோது, நாம் நம்பித்தான் ஆக வேண்டுமென்ற அவசியம் என்ன? ஒரே ஒரு பட்டியலை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பயணம் முடிந்ததும் எடுத்துப் போயும் தொடாதவற்றை அடித்துவிட்டு, இல்லையே என்று வருந்தியவற்றைச் சேர்த்து வாருங்கள். நான்கைந்து பயணங்களில் அது உங்கள் குடும்பத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலாகிவிடும்.

அடுப்பைப் பற்றிய கவலைக்கு ஒரு வார்த்தை. ஜப்பானிய ரயில் ஊழியர்கள் சைகை விளக்கையும் வேகமானியையும் வெறுமனே பார்த்துவிட்டுப் போவதில்லை. விரலால் சுட்டிக்காட்டி, கண்டதை வாய்விட்டுச் சொல்கிறார்கள். பழகிய வேலையைக் கை தானாகச் செய்துவிடுகிறது, மனம் அதைப் பதிவு செய்வதில்லை. அதனால்தான் வண்டியில் ஏறியதும் சந்தேகம் வருகிறது. நானும் கிளம்பும்போது எப்போதும் ஒரே வரிசையில் வீட்டைச் சுற்றி வந்து, எரிவாயு மூடியாயிற்று, தண்ணீர்க் குழாய் மூடியாயிற்று, பின்கதவு பூட்டியாயிற்று என்று சுட்டிக்காட்டிச் சொல்லிவிட்டே பூட்டுவேன். என் குரலிலேயே அது நினைவில் நிற்பதால் பிறகு சந்தேகம் எழுவதில்லை.

மறுமொழி 2

தோழிக்கு வணக்கம். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டியை வாங்கிப் போர்டிங் பாஸ் கொடுக்கும் மேசையில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினேன். அழுதுகொண்டு நின்றவர்களை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானோர் கவனக்குறைவானவர்கள் அல்லர். ஒரே ஒரு விதி தெரியாததாலோ, அரை மணி நேரம் கைவசம் இல்லாததாலோ அந்த நிலைக்கு வந்தவர்கள். ஆகவே மேலே ஐயா எழுதியதோடு, நான் கண்கூடாகப் பார்த்தவற்றையும் சேர்க்கிறேன்.

விமானம் மாறுவது பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கவலையில் பாதி அதுவாகத்தான் இருக்கும். இரண்டு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் பதிவாகியிருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். ஒரே சீட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களை வேறு விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். விலை குறைவு என்று தனித்தனியாக வாங்கிய சீட்டுகளானால், இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் நேரத்துக்கு வராத பயணி மட்டுமே. பெட்டியையும் நீங்களே வெளியே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அப்படித் தனிச்சீட்டாக இருந்தால் இடைவெளியைத் தாராளமாக வையுங்கள், முடிந்தால் அன்றைய கடைசி விமானத்தைத் தவிர்த்து விடுங்கள். பிள்ளைகளோடு ஒன்றரை மணி நேர இடைவெளியில் ஓடுவதைவிட நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எத்தனையோ மேல். காத்திருக்கும் நேரத்தை வீண் என்று கருதுபவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் அதுதான் பயணத்திலேயே மிக மலிவாகக் கிடைக்கும் நிம்மதி.

வெளிநாடு என்றால் கடவுச்சீட்டை எடுத்து அதன் காலாவதி நாளை இன்றே பார்க்க வேண்டும். இன்னும் காலாவதியாகவில்லை என்பது மட்டும் போதாது. பல நாடுகள் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டைக் கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. என் மேசையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களில் பல, இந்த ஒன்றை ஒரு மாதம் முன்பு பார்த்திருந்தால் தப்பித்திருக்கும். பயணச்சீட்டில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் பதறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பவர் பேங்கும் திரவங்களும்தான். பவர் பேங்கையும் உதிரி லித்தியம் பேட்டரிகளையும் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும். அதுவும் பொதுவாக 100 வாட் மணி வரைதான் அனுமதி கேட்காமல் கொண்டு போகலாம். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கும் பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட் மணிதான், ஆகவே பயப்பட வேண்டாம். ஆனால் எழுத்து அழிந்துபோன பழையது என்றால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கைப்பையில் திரவம் 100 மில்லி லிட்டருக்கு மேற்படாத குப்பிகளில் இருக்க வேண்டும் என்ற விதி 2006-இல் வந்தது. சில விமான நிலையங்கள் இப்போது தளர்த்தியிருந்தாலும், திரும்பி வரும் இடத்தில் அது நடைமுறையில் இருக்கலாம் என்பதால் பழைய அளவையே பின்பற்றுவது நல்லது.

ஒப்படைத்த பெட்டி ஒரு நாள் தாமதமாக வரும் என்று வைத்துக்கொண்டே கைப்பையைக் கட்டுங்கள். தினமும் சாப்பிடும் மருந்துகள் அவற்றின் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும், மூக்குக் கண்ணாடி, ஆளுக்கு ஒரு மாற்றுடை, ஆவணங்கள் ஆகியவை உங்களோடேயே இருந்தால், பெட்டி வரவில்லை என்ற செய்தி எரிச்சலாக மட்டும் இருக்கும், இடியாக விழாது. அப்படி வராமலோ உடைந்தோ வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அங்குள்ள மேசையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து நகலை வாங்கிக்கொள்ளுங்கள். 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு உட்பட்ட பன்னாட்டுப் பயணங்களில், சேதத்துக்குப் பெட்டி கையில் கிடைத்ததிலிருந்து 7 நாட்களுக்குள்ளும், தாமதத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பெட்டியைப் பூட்டும் முன் உள்ளேயும் வெளியேயும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால், பதற்றத்தில் நிறத்தையும் அளவையும் விவரிக்கத் திணற வேண்டியதில்லை.

மறுமொழி 3

மேலே இருவரும் பயனுள்ளவற்றை எழுதியிருக்கிறார்கள். ஆனால் கேள்வியில் ஒருவரைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே இல்லை என்பதைக் கவனித்தேன். கணவர் என்ன செய்கிறார் என்று சகோதரி எழுதவில்லை. குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. அந்தக் கணவரின் இடத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் கேட்கிறேன்.

என் மனைவியிடம் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு, "என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சிடறேன்" என்பேன். அதை உதவி என்றே நம்பினேன். ஒரு முறை அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, எது எது வேண்டும் என்று யோசிப்பதும், இருக்கிறதா என்று பார்ப்பதும், யாரிடம் எதைச் சொல்வது என்று நினைவில் வைத்திருப்பதும்தான் வேலை, நீங்கள் கேட்பது அந்த வேலை முடிந்த பிறகு மிஞ்சுவதை மட்டும்தான் என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. துணியை மடித்து வைப்பது பத்து நிமிடம். நான்கு பேருடைய ஐந்து நாட்களை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துத் தேவைகளைக் கண்டுபிடிப்பதுதான் ஆளைச் சாய்க்கிறது. அதை அவர் ஒருவரே சுமந்துகொண்டிருந்தார்.

அதன் பிறகு வேலைகளை அல்லாமல் பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டோம். போக்குவரத்து, ஆவணங்கள், மருந்து, வீட்டைப் பூட்டுவது ஆகியவை முழுக்க என்னுடையவை. அவற்றில் என்ன தேவை என்று யோசிப்பதும் நான்தான், மறந்தால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். தங்குமிடமும் தன் துணியும் அவருடையவை. பிள்ளைகள் தங்கள் பையைத் தாங்களே எடுத்து வைக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குப் படம் வரைந்த பட்டியல் ஒன்றைக் கொடுத்தால் போதும், எடுத்துக் கட்டிலில் பரப்பிவிடும். பெரியவர்கள் ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே வைக்கலாம். உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயது. எல்லோருடைய சார்ஜர்களுக்கும் அவளைப் பொறுப்பாக்கிப் பாருங்கள். கோபத்தைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்ற குழந்தைக்கு இந்தப் பயணத்தில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று தோன்றினால், அவள் கேட்ட கேள்விக்கு அதுவே ஒரு பதிலாக அமையக்கூடும்.

இதில் உங்களுக்கும் ஒரு கடினமான பங்கு இருக்கிறது. ஒப்படைத்த பிறகு பின்னாலேயே வந்து சரிபார்க்கக் கூடாது. முதல் பயணத்தில் நான் குடைகளை மறந்தேன், நனைந்தோம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறையிலிருந்து குடை என் பட்டியலில் முதல் வரியில் இருக்கிறது. ஆவணங்கள், அன்றாட மருந்து, பணம் இந்த மூன்றும் கையில் இருந்தால், வேறு எதை மறந்தாலும் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம், அல்லது அது இல்லாமலே சமாளிக்கலாம்.

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும், தோழிக்கும், சகோதரருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்றாவது மறுமொழியை இரண்டு முறை படித்தேன். பிறகு கணவரிடமும் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "டாக்குமெண்ட், டிக்கெட், வீட்டைப் பூட்டறது எல்லாம் இனிமே என் பொறுப்பு" என்றார். எங்கள் இணைப்பு விமானம் ஒரே சீட்டில்தான் இருக்கிறது என்று அன்றிரவே பார்த்துச் சொன்னவரும் அவர்தான்.

இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. புறப்படுவதற்கு முந்தைய இரவும் போய்ச் சேர்ந்த முதல் இரவும் எனக்குத் தூக்கமே வருவதில்லை. விமானத்தில் கதவை மூடும் நேரத்தில் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுவது போலவும் இருக்கிறது. மகனுக்கு வளைந்து செல்லும் சாலையில் குமட்டல் வேறு. இவற்றைப் பட்டியல் போட்டுத் தீர்க்க முடியுமா?

மறுமொழி 4

ஓரளவுக்கு முடியும், சகோதரி. பயணமே செய்ய முடியாத அளவுக்குப் பதற்றம் இருந்து, மனநல ஆலோசகரிடம் சில மாதங்கள் சென்று மீண்டவன் நான். அங்கே கற்றதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முந்தைய இரவுக்குப் பட்டியலே மருந்து. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம், இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட விரைவாக உறங்கினார்கள்; எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு விரைவாகத் தூக்கம் வந்தது. காலையில் எழுவது முதல் வண்டி ஏறுவது வரை நடக்க வேண்டியதை நேரத்தோடு எழுதித் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுங்கள்.

புது இடத்தின் முதல் இரவு வேறு வகையானது. அது உங்கள் குறையல்ல, எல்லோருக்கும் உள்ளது. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பழகாத இடத்தில் முதல் முறை உறங்குகிறவர்களின் மூளையில் ஒரு பாதி ஆழ்ந்து உறங்க, மறுபாதி சற்று விழிப்பாகவே இருந்து, அன்னிய ஒலிகளுக்குச் செவி கொடுப்பதைக் கண்டார்கள். அடுத்து வந்த அமர்வில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. இது தெரிந்த பிறகு முதல் இரவு விழித்துக் கிடக்கும்போது நான் என்னோடு போராடுவதை விட்டுவிட்டேன். அரைத் தூக்கத்தை எதிர்பார்த்தே போகிறேன், மறுநாள் காலையில் கடினமான எதையும் வைப்பதில்லை, வீட்டுத் தலையணை உறையை எடுத்துச் செல்கிறேன். நேர மண்டலங்களைக் கடக்கும் பயணமானால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். உடலின் உட்கடிகாரம் இயல்பாகவே 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது என்பதால் நாளை நீட்டிக்கும் மேற்குப் பயணத்தைவிட, நாளைச் சுருக்கும் கிழக்குப் பயணம்தான் உடலுக்குக் கடினம். அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் முதன்மையான விசை வெளிச்சமே; அதனால் போன இடத்தின் பகல் வெளிச்சத்தில் நடப்பது உதவுகிறது.

விமானக் கதவு மூடும்போது வரும் படபடப்புக்கு எனக்குக் கற்றுத் தந்த வழி, உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சை நீளமாக்குவது. நான்கு எண்ணிக்கைக்கு இழுத்து ஆறு அல்லது எட்டு எண்ணிக்கைக்கு மெல்ல விட வேண்டும். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணிகிறது. அந்த நேரத்தை நீட்டுவதால் உடல் அடங்கத் தொடங்கும். ஆனால் இதை முதன்முதலில் விமானத்தில் செய்து பார்த்தால் பலிக்காது. வீட்டில் அமைதியாக இருக்கும்போது தினமும் ஐந்து நிமிடம் பழகி வைத்திருந்தால்தான் பதறும் வேளையில் உடலுக்கு வழி தெரியும். படபடப்பை உடனே விரட்டிவிட வேண்டும் என்று முயலாதீர்கள். இது அலை போல ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும் என்பதை அறிந்து அதை இருக்க விடுவதே அதன் கூர்மையைக் குறைக்கிறது. இந்த ஒன்றைக் கற்க எனக்குத்தான் அதிக நாள் பிடித்தது. பயணங்களையே தவிர்க்கத் தோன்றும் அளவுக்கு அது வளர்ந்தால், தயங்காமல் மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள்.

மகனின் குமட்டலுக்குக் காரணம், அசைவை உள்காது உணர, வண்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் அசைவில்லை என்று சொல்லும் முரண்பாடு. கைப்பேசியும் புத்தகமும் அதை மோசமாக்கும். முன்பக்கச் சாலையோ தொடுவானமோ தெரியும்படி உட்கார வைத்து, தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரிடம் கேட்டு, குமட்டல் தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். தொடங்கிய பிறகு கொடுத்துப் பெரும் பயன் இல்லை.

மறுமொழி 1 எழுதியவர்

திரும்பி வந்ததும் களைத்துப் போவதைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், விடுமுறைப் பயணம் போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது பெரும்பாலும் புறப்படுவதற்கு முன்புதான். திரும்பிய பிறகு இரு சாராருக்கும் வேறுபாடு ஏறக்குறைய இல்லை. மிகவும் இளைப்பாறுதலாக இருந்தது என்று சொன்னவர்கள் மட்டுமே அதற்கு விலக்கு. எதிர்பார்த்திருக்கும் அந்த வாரங்கள்தான் பயணத்தின் இனிமையான பகுதி என்றால், அவற்றைக் கவலைக்குத் தின்னக் கொடுப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

என் பரிந்துரை, ஐந்து நாள் விடுப்பு என்றால் நான்கு நாளில் திரும்பிவிடுங்கள் என்பதுதான். ஒரு நாளை இழக்கிறோமே என்று தோன்றும். ஆனால் துணி துவைக்கவும், உறங்கவும், எடுத்த படங்களைப் பிள்ளைகளோடு பார்க்கவும் வீட்டில் ஒரு நாள் இருந்தால், பயணம் அலுவலகத்தின் வாசற்படியில் போய் மோதி முடியாது. அதே போல, போன இடத்தில் ஒரு நாளைக்கு ஒரு காரியத்தை மட்டும் உறுதியாக வைத்து, மற்றவற்றை முடிந்தால் பார்க்கலாம் என்று விட்டுவிடுங்கள். வீட்டைப் புறப்படும் முன்பே ஒழுங்காக வைத்துவிட்டுப் போவதும் திரும்பி வரும் உங்களுக்கு நீங்களே செய்யும் உபகாரம். இதற்கு வேண்டிய நேரத்தையும் அந்த வியாழக்கிழமை தந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

திரும்பும் பயணச்சீட்டை ஒரு நாள் முன்னதாக மாற்றிவிட்டோம். பயணத்துக்கு இன்னும் பதினெட்டு நாட்கள் இருக்கின்றன. நேற்று மாலை நால்வரும் உட்கார்ந்து பட்டியலை எழுதினோம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கிழமையும் ஒரு பெயரும் இருக்கின்றன. மகன் தன் பட்டியலைத் தானே வரைந்தான்; நீச்சல் உடையைத்தான் முதலில் வரைந்தான். சார்ஜர்களின் பொறுப்பை ஏற்றுக்கொண்ட மகள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்று வேலை செய்யவில்லை என்று இப்போதே கண்டுபிடித்திருக்கிறாள். திரும்பி வந்ததும், வீட்டில் இருக்கும் அந்த ஒரு நாளில், எப்படி நடந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.